பழைய ஜீப்புக்கு வீட்டிலேயே கிரீஸ் அடிப்பது

நீங்கள் கேட்டது இது: மஹிந்திரா சி.ஜே. 500டி டீசல் ஜீப் ஒன்றை வாங்கி, போடியிலிருந்து மேலே ஏலத் தோட்டத்துக்குப் போகவர வைத்திருக்கிறீர்கள். மாதம் தவறாமல் கடையில் விட்டு 'ஃபுல் கிரீஸ்' அடிக்கிறீர்கள். ஆனாலும் ஒரே வருஷத்தில் பின்பக்க பிராப்பெல்லர் ஷாஃப்டில் (பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டு) யு.ஜே. கிராஸ், அதாவது அதன் முனை மூட்டில் இருக்கும் சிலுவை வடிவ இரும்பு, இரண்டு தடவை போய்விட்டது. இதை வீட்டிலேயே செய்யலாமா, என்ன கிரீஸ், எங்கெங்கே, எத்தனை நாளைக்கு ஒருமுறை?

தாராளமாகச் செய்யலாம். உங்கள் வண்டி சி.ஜே. 3பி வழியில் வந்தது. 1953-ல் அமெரிக்க வில்லிஸ் கம்பெனி கொண்டுவந்த அந்த மாடலின் அடிப்பக்கத்தைப் பெரிதாக மாற்றாமலே இங்கே பல வருஷம் தயாரித்தார்கள். ஒரு விவசாயி தன் கொட்டகையில் நான்கைந்து ஸ்பேனரை வைத்துக்கொண்டு பார்த்துக்கொள்ளட்டும் என்று செய்த வண்டி அது. படுத்துப் பார்த்தால் எல்லாமே கைக்கு எட்டும்.

முதலில் உங்கள் யு.ஜே. விஷயம். கடையில் கிரீஸ் அடிக்கவில்லை என்று நான் சொல்லமாட்டேன். அடித்திருப்பார்கள். நிப்பிளில் (கிரீஸ் ஏற்றுகிற சிறு முனை) கிரீஸ் கன்னை மாட்டி மூன்று அமுக்கு, அடுத்த நிப்பிள், அடுத்தது. பத்து நிமிஷத்தில் வண்டி வெளியே வந்துவிடும். ஆனால் உள்ளே போன கிரீஸ் எங்கே போனது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. யு.ஜே. கிராஸுக்கு நான்கு கை உண்டு, ஒவ்வொரு கையிலும் ஊசி பேரிங் வைத்த ஒரு கப். நடுவில் இருக்கும் ஒரே நிப்பிளிலிருந்துதான் நான்குக்கும் வழி பிரிகிறது. கிரீஸ் சோம்பேறி. எந்த வழி லேசாக இருக்கிறதோ அந்த வழியில்தான் போகும். மூன்று கப்பில் வழிந்து, நான்காவதன் வழி பழைய கிரீஸ் காய்ந்து அடைத்திருந்தால், நீங்கள் மாதாமாதம் அடித்தாலும் அந்த நான்காவது பட்டினிதான். அது ஒன்று போனால் முழு கிராஸும் போய்விடும்.

அதனால் யு.ஜே.யில் அமுக்கின எண்ணிக்கை கணக்கே இல்லை. பழைய கறுப்பு கிரீஸ் வெளியேறி, புது நிறத்தில் கிரீஸ் நான்கு கப்பின் சீல் ஓரத்திலும் எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். முதலில் நான்கையும் துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் போன மாத கிரீஸைப் பார்த்து இன்றைய கிரீஸ் என்று ஏமாந்துவிடுவீர்கள். துடைக்க பனியன் வேஸ்ட்தான் நல்லது. சாக்குத் துணியில் தூசி இருக்கும். ஒரு கப் மட்டும் வாயைத் திறக்கவில்லை என்றால், அந்தப் பக்கத்து யு போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு, ஷாஃப்டைக் கையால் அப்படியும் இப்படியும் ஆட்டிக்கொண்டே அடியுங்கள். பெரும்பாலும் திறந்துகொள்ளும். அப்படியும் வரவில்லையா, கிராஸைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். கப்பின் ஓரத்தில் செங்கல் பொடி மாதிரி செம்மண் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தால் யோசிக்காமல் கழற்றி மாற்றிவிடுங்கள். உள்ளே ஊசிகள் காய்ந்து துருவாக அரைபட்டுக்கொண்டிருக்கின்றன. அதில் கிரீஸை அடிப்பது செத்த மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவது போல.

இரண்டு தடவை போயிருப்பதால் இன்னொரு சந்தேகமும் எனக்கு வருகிறது. ஷாஃப்டைக் கழற்றும்போது நடுவில் ஸ்லிப் ஜாயிண்ட், அதாவது பல் வைத்த உறை, தனியாக வந்துவிடும். திரும்ப மாட்டும்போது எந்தப் பல்லில் வேண்டுமானாலும் நுழையும். ஆனால் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் இருக்கிற யோக்குகள், அதாவது கிராஸைப் பிடிக்கிற கவட்டைகள், ஒரே நேர்க்கோட்டில் இருந்தாக வேண்டும். ஒரு பல் தப்பி மாட்டினாலும் ஷாஃப்ட் சீராகச் சுற்றாது, திக்கித் திக்கிச் சுற்றும். நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருக்கைக்கு அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு நடுக்கம் வரும். அதை டயர் பேலன்ஸ் என்று நினைத்துக்கொள்வோம். அந்த நடுக்கமே புது கிராஸையும் தின்றுவிடும். எனக்கே இது நடந்திருக்கிறது. ஒரு கடையில் கிராஸ் மாற்றிக் கொண்டுவந்த மூன்றாவது மாதம் திரும்ப சத்தம். வீட்டில் கீழே படுத்துப் பார்த்தபோதுதான் முன் யோக்கும் பின் யோக்கும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. புது ஷாஃப்டுகளில் பெரும்பாலும் அம்புக்குறி இருக்கும். பழசில் துருவோடு அதுவும் போயிருக்கும். கழற்றும் முன் உளியால் இரண்டு பக்கமும் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். சாக்பீஸ் கோடு டீசல் பட்டால் அழிந்துவிடும்.

ஸ்லிப் ஜாயிண்டுக்குத் தனி நிப்பிள் உண்டு. அதில் மட்டும் அளவு வேண்டும். உறையின் மூடிய முனையில் பல வண்டிகளில் காற்று போக ஒரு சிறு துளை இருக்கும். கிரீஸ் அந்தத் துளையில் தெரிந்ததும் விரலால் அடைத்துக்கொண்டு, அடுத்த முனையின் சீலில் எட்டிப்பார்க்கும் வரை மெதுவாக ஓரிரு அமுக்கு. அதற்கு மேல் திணித்தால் உள்ளே இறுகி, ஸ்பிரிங் அமுங்கும்போது ஷாஃப்ட் உள்ளே போக இடமில்லாமல் அந்த அழுத்தம் எல்லாம் டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரித்துவிடும் பெட்டி) பேரிங்கில் ஏறும்.

அடியில் படுக்கும் முன் ஒன்று சொல்ல வேண்டும். இந்த வகை ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்னால், பிராப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கிற டிரம்மில் இருக்கிறது. அதன் அர்த்தம் புரிகிறதா? பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினால், கிரவுனுக்குள் (பின் ஆக்சிலின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல்) இருக்கிற பல்லின் தயவால், தூக்கின சக்கரம் சுற்ற, தரையில் இருக்கிற சக்கரம் எதிர்ப்பக்கம் உருள முடியும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தும் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டால் ஹேண்ட் பிரேக்கே இல்லை என்று அர்த்தம். கியரில் போட்டு வைப்பதும் அப்போது உதவாது. மலைச் சரிவில் இந்த வேலையைச் செய்யவே கூடாது. சமதரையில் நிறுத்தி, தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல கட்டை கொடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். மண் தரையாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் பலகை. செங்கல்லை அடுக்கி வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செங்கல் சொல்லாமல் கொள்ளாமல் உடையும்.

கிரீஸ் கன்னைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. கையால் அமுக்குகிற சாதாரண கன்னே ஆயிரக்கணக்கான பி.எஸ்.ஐ. அழுத்தம் தரும். ஹோஸில் ஊசித்துளை விழுந்திருந்தால் அங்கே கையை வைக்காதீர்கள். தோலுக்குள் கிரீஸ் பாய்ந்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது. ஆனால் உள்ளே விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குப் போகும். அப்படி ஆனால் அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. மஞ்சள் பத்து போட்டுக்கொண்டு காலையில் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது.

சரி, என்ன கிரீஸ்? கிரீஸ் என்பது ஆயிலைப் பிடித்துவைத்திருக்கிற ஒரு வகை சோப்பு. ஈரப்பஞ்சு மாதிரி அழுத்தம் வரும்போது ஆயிலை விடும். வழவழப்பு ஆயிலுடையது, இருந்த இடத்தில் நிற்கிற குணம் சோப்புடையது. டப்பாவில் என்.எல்.ஜி.ஐ. 2 என்றிருந்தால் அது கெட்டித்தன்மையின் எண். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு கூம்பை விட்டால் 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை இறங்குகிற பதம், கிட்டத்தட்ட வேர்க்கடலை வெண்ணெய்ப் பதம். யு.ஜே., ஷேக்கிள் (பட்டை ஸ்பிரிங்கை சேஸிஸோடு சேர்க்கும் இணைப்பு), டை ராடு எண்ட் (ஸ்டீயரிங் கம்பியின் முனை), பெடல் ஷாஃப்ட் எல்லாவற்றுக்கும் லித்தியம், ஈ.பி. 2 (அதிக அழுத்தம் தாங்குவது) கிரீஸ் ஒன்று போதும். சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப் பேரிங்குக்கு லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸ் வாங்குங்கள். மலையிறக்கத்தில் பிரேக் டிரம் சூடு ஹப்புக்கு ஏறும், சாதாரண கிரீஸ் இளகிவிடும். கடையில் ஏ.பி. 3 என்று கொடுப்பது இன்னும் கெட்டி. கையால் பேரிங்கில் அடைக்க நன்றாக இருக்கும், கன்னில் இழுக்காது. நிறத்தை வைத்துத் தரம் பார்க்காதீர்கள். சிவப்பு, நீலம், மஞ்சள் எல்லாம் சாயம். வாளியிலிருந்து அள்ளி பாலித்தீனில் கட்டித் தருகிற பெயரில்லாத கிரீஸ் வேண்டவே வேண்டாம்.

ஒரு வகை கிரீஸும் இன்னொரு வகை கிரீஸும் ஒத்துப்போகாமலும் போகலாம். லித்தியமும் பாலியூரியாவும் சேர்ந்தால் பல நேரம் மோர் மாதிரி நீர்த்துவிடும். முன்னால் என்ன அடித்தார்கள் என்று தெரியாத வண்டியில், முதல் தடவை கொஞ்சம் அதிகமாகவே அடித்துப் பழசை முழுக்க வெளியே தள்ளிவிடுங்கள். அப்புறம் ஒரே கிரீஸோடு இருங்கள்.

கன்னில் கிரீஸ் நிரப்பியதும் பலருக்கு 'அமுக்கினால் ஒன்றுமே வரவில்லை' என்று வரும். உள்ளே காற்று மாட்டியிருக்கும். தலைப்பகுதியை ஒரு சுற்று தளர்த்தி, பின் கம்பியை அழுத்தி, காற்று போனதும் இறுக்குங்கள். நிப்பிளைத் துடைக்காமல் கன்னை மாட்டினால் வெளியே இருக்கிற மணலை நீங்களே பேரிங்குக்குள் ஊசி போட்டு அனுப்புகிறீர்கள். மாட்டியும் ஓரத்தில் வழிகிறது, உள்ளே போகவில்லை என்றால், நிப்பிளின் குண்டு சிக்கியிருக்கலாம். ஊசியால் குண்டை அமுக்கிப் பாருங்கள். இல்லாவிட்டால் நிப்பிளையே மாற்றுங்கள், சில ரூபாய் சாமான். நிப்பிள் புதிது, அப்போதும் போகவில்லை என்றால் துளை அடைப்பு. நிப்பிளைக் கழற்றி, கம்பியால் கிளறி, கொஞ்சம் டீசல் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

ஸ்பிரிங் ஷேக்கிளுக்கு அடிக்கும்போது ஒரு சூட்சுமம். வண்டியின் எடை பட்டை ஸ்பிரிங்கில் இருக்கும்போது ஷேக்கிளில் ஒரு பக்கம் இரும்போடு இரும்பு ஒட்டிக்கொண்டிருக்கும். எடை தாங்குகிற, தேய்கிற அந்தப் பக்கத்துக்குத்தான் கிரீஸ் போகாது. சேஸிஸைத் தூக்கி, ஆக்சில் தொங்கும்படி விட்டு அடியுங்கள். இரண்டு பக்கமும் வழியும். இதைச் செய்கிற சர்வீஸ் ஸ்டேஷனை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் நிப்பிள் இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் இது. மாருதி ஜிப்சி போல ரப்பர் புஷ் வைத்த வண்டியில், சத்தம் வருகிறது என்று புஷ்ஷில் கிரீஸ் தடவினால் ரப்பர் ஊதி, கொழகொழத்துப் போய்விடும். அங்கே வேண்டுமானால் சிலிக்கோன் கிரீஸ் மட்டும். 2010-ல் வந்த மஹிந்திரா தாரில் பின்னால் பட்டை இருந்தாலும் முன்னால் டார்ஷன் பார், அதாவது முறுக்குக் கம்பி. 2020 மாடலில் பட்டையே இல்லை. புதிய வண்டிகளில் மூட்டுகள் பெரும்பாலும் சீல் செய்தவை. நிப்பிளைத் தேடி அலைய வேண்டாம். ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே வேலை.

முன்னால் போங்கள். டை ராடு, டிராக் லிங்க் முனைகள், நடுவில் பெல் கிராங்க், அதாவது ஸ்டீயரிங் அசைவைத் திருப்பிவிடுகிற கை. இந்தக் கடைசியை எல்லாரும் மறந்துவிடுவார்கள். ஸ்டீயரிங் ஆட்டம் வந்ததும் பாக்ஸைக் குறை சொல்வோம், பார்த்தால் பெல் கிராங்க் பின் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். ஸ்டீயரிங் பாக்ஸில் மட்டும் கிரீஸை அடைக்காதீர்கள். கியர் ஆயில் ஓடவேண்டிய இடம் அது. கிரீஸைப் போட்டால் பல் தனக்கு ஒரு பாதையை வெட்டிக்கொண்டு சுற்றும், கிரீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டு சும்மா நிற்கும். கசிகிறது என்பதற்காகக் கிரீஸ் போடுகிறவர்கள் சீலை மாற்றினாலே போதும்.

முன் சக்கரத்துக்குப் பின்னால் பெரிய இரும்பு உருண்டை தெரியும், அதுதான் மூடிய நக்கிள். உள்ளே ஷாஃப்டின் ஜாயிண்ட் இருக்கிறது. வண்டியின் கைடு புத்தகத்தில் சொன்ன பதத்திலான கிரீஸ் அதில் நிறைய இருக்க வேண்டும். பக்கவாட்டுப் பிளக்கைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். உருண்டையின் மேல் எண்ணெய்ப் பளபளப்பு மெல்லியதாக இருப்பது நல்லது. சொட்டினால் சீல் போய்விட்டது. துருப்புள்ளிகள் வந்துவிட்டால் எத்தனை சீல் மாற்றினாலும் அந்தத் துரு அதை அறுத்துவிடும். அதனால் மழைக்காலம் முடிந்ததும் அந்த உருண்டையைத் துடைத்து லேசாகக் கிரீஸ் தடவி வையுங்கள்.

ஹப் பேரிங்கை வருஷத்துக்கு ஒருமுறை, தண்ணீரில் இறக்கினால் அதற்கு முன்பே, கழற்றிப் பாருங்கள். உள்ளங்கையில் ஒரு உருண்டை கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி எடுத்தால், ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் மேல்பக்கம் புழுப்போல எழும்பி வரும். சுற்றிலும் அப்படி வந்த பிறகுதான் அடைத்ததாகக் கணக்கு. ஹப்பின் வெற்றிடம் முழுவதையும் கிரீஸால் ரொப்பத் தேவையில்லை. சூடேறி அது பிரேக் ஷூவுக்குத்தான் போகும். மாட்டும்போது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, சக்கரம் பிடிக்க ஆரம்பித்ததும் ஆறில் ஒரு சுற்று தளர்த்துங்கள். அப்புறம் லாக் வாஷரை மடக்குங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் இறுக்கம் அதிகம்.

தண்ணீர் பற்றிச் சொன்னேன். ஏறி வந்த சூட்டோடு ஓடையில் இறக்கினால் ஆக்சில் ஹவுசிங் சட்டென்று குளிரும், உள்ளே காற்று சுருங்கும். மேலே இருக்கிற பிரீதர் (காற்று போகவர வைத்த வழி) மண்ணால் அடைத்திருந்தால், சுருங்கின காற்றுக்குப் பதில் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதர் மூடியை மாதம் ஒருமுறை கையால் திருகிப் பாருங்கள். ஒரு ரப்பர் குழாயை மாட்டி உயரத்துக்குக் கொண்டுபோய்க் கட்டிவிட்டால் இன்னும் நல்லது. ஆயிலைப் பார்க்க மேல் பிளக்கைத்தான் முதலில் கழற்ற வேண்டும். கீழ்ப் பிளக்கை முதலில் திறந்து ஆயிலை விட்டுவிட்டு, மேல் பிளக் துருப்பிடித்துச் சுற்றவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கும். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, அன்றே மாற்றுங்கள்.

கியர் பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில், ஆனால் ஜி.எல்.-4 வகை. கிரவுனுக்குப் போடுகிற ஜி.எல்.-5-ஐ கியர் பாக்ஸில் விட்டால், அதில் கூடுதலாக இருக்கிற கந்தகச் சேர்க்கை சில வண்டிகளில் பித்தளை சிங்க்ரோ வளையங்களைக் கெடுக்கும். இந்த வகை ஜீப்பில் கியர் பாக்ஸும் டிரான்ஸ்பர் கேஸும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஆயில் கசிந்து போகும். அதனால் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள்.

இனி பானெட்டைத் திறந்து மேல்பக்கம் செய்கிற வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஏர் ஃபில்டர் ஆயில் கிண்ண வகை என்றால், மண் சாலையில் ஓடும் வண்டிக்கு வாரம் ஒருமுறை திறந்து, அடியில் சேறு தங்கியிருந்தால் கழுவி, கோடு வரை எஞ்சின் ஆயில் விடுங்கள். டீசல் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து தண்ணீரை வடியுங்கள். பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீரில் கழுவிவிட்டு வாசலின் தடவுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முழுக்க மாற்றாவிட்டால் நீண்ட இறக்கத்தில் பெடல் பஞ்சாகிவிடும்.

அப்புறம் ஒரு ஆதங்கம். வாட்டர் வாஷ் முடிந்ததும் அடிப்பக்கம் முழுக்க வேஸ்ட் ஆயிலும் டீசலும் கலந்து ஸ்பிரே அடிக்கிறார்கள், 'துரு பிடிக்காது சார்' என்று. அது பிரேக் ஹோஸிலும் ரப்பரிலும் படும், தூசியைப் பிடித்துப் பசையாக நிற்கும், விரிசல் இருந்தால் மறைக்கும். மிச்சம் ஓடைக்குப் போகும். உங்கள் தோட்டத்துக்குத் தண்ணீர் வருவதும் அந்த ஓடையில்தானே. வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை நாளைக்கு ஒருமுறை? பழைய ஜீப் கைடுகளில் 1,000 மைல், அதாவது 1,600 கிலோமீட்டர் என்றிருக்கும். உங்கள் பாதைக்கு நான் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொள்வேன். ஹப் நனைகிற அளவு தண்ணீரில் இறங்கினால் அன்று மாலையே யு.ஜே.க்கும் ஷேக்கிளுக்கும் அடித்துவிடுங்கள். கிரீஸ் உள்ளே போகும்போது தண்ணீரை வெளியே தள்ளும், நாள் கழிந்தால் துரு ஆரம்பித்திருக்கும். வாட்டர் வாஷுக்குப் பிறகும் அப்படித்தான். பிரஷர் தண்ணீர் சீலைத் தாண்டிப் போகும். கிரீஸ் அடித்துவிட்டு வாஷ் விடுவது தலைகீழ் வரிசை.

இந்த வாரம் முதல் வேலையாகப் பின் ஷாஃப்டின் இரண்டு யோக்கும் நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள். முந்தைய சொந்தக்காரர் ஷேக்கிளை நீளமாக்கி வண்டியை உயர்த்தியிருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள். அப்படி இருந்தால் ஷாஃப்டின் சாய்வு கூடி, கிராஸ் தேய அது ஒரு தனிக் காரணம். மாற்றிய பழைய கிராஸைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால் நான்கு கப்பையும் திறந்து பாருங்கள். ஒரு கப்பில் மட்டும் ஊசிகள் துருவேறிக் கிடந்தால் கிரீஸ் போகாத கதை. எதிரெதிர் கை இரண்டிலும் வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தால் கோணத்தின் கதை. எது என்று சொல்லுங்கள், அடுத்து என்ன மாற்றலாம் என்று பார்ப்போம்.